பிரதட்சிணப் பாதையில் படரும் பாசி



ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்துவிட்டு விடைபெறும் வேளையில் மார்கழி பிறக்கிறது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே கோயிற்கதவுகள் திறக்கும் மாதம் அது. வைகுண்ட ஏகாதசியும் ஆருத்ரா தரிசனமும் அந்த மாதத்தில்தான் வருகின்றன. மற்ற நாள்களில் வீட்டு வாசலைத் தாண்டாத மூத்த பெருமக்களும் பனியையும் இருளையும் பொருட்படுத்தாமல், வெறுங்காலுடன் வெளிப்பிராகாரத்தை வலம் வருவர். ஆண்டிலேயே திறந்தவெளித் தளங்களில் பாசி மிகுந்து நிற்பதும் அதே மாதத்தில்தான். இவ்விரண்டும் ஒன்றாக வந்து சேர்வது எத்தகைய ஆபத்து என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தஞ்சை மாவட்டத்திலிருந்து அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் ஊர்க்கோயிலின் வெளிப்பிராகாரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் சிமெண்டுக் காங்கிரீட்டால் பாதை அமைத்தார்களாம். மழைக்காலத்தில் அது பச்சை பிடித்து வழுக்கத் தொடங்கவே, பணியாளர்கள் கடையில் ஆசிட் வாங்கி ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். ஒரு வாரம் பாதை வெண்மையாகப் பளிச்சிட்டது. அடுத்த மழைக்குப் பின் முன்னினும் கருமையாகப் பாசி படர்ந்தது. எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் அங்கே வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். "ஆசிட்டின் அளவு போதவில்லையா? இம்முறை கூட்டி ஊற்றலாமா?" என்பது அன்பரின் கேள்வி.

கூட்டியும் ஊற்ற வேண்டா; குறைத்தும் ஊற்ற வேண்டா. ஆசிட்டே வேண்டா. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், காலடியில் வழுக்குவது எது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே உயிரினம் அன்று. புதிதாக இளம்பச்சை நிறத்தில் படர்வது, கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத நுண்ணிய பச்சைப் பாசி. கருமையாகப் படிவது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி எனப்படும் வேறோர் இனம். அறிவியலார் அதனைப் பாக்டீரியா வகையில் சேர்ப்பர். தளத்தின் இடுக்குகளில் வெல்வெட்டுத் துணிபோல் மெத்தென்று வளர்வது இவ்விரண்டும் அல்லாத ஒரு சிறு தாவரம். இம்மூன்றனுள் மிகவும் ஏமாற்றுவது கருமை நிறமுடையது. அது தன்னைச் சுற்றி வழவழப்பான பசை போன்ற உறை ஒன்றைச் சுரந்துகொள்கிறது. நம் கால் வழுக்குவது அந்த உறையின்மேல்தான். கோடையில் அந்த உறை காய்ந்து, மெல்லிய கரும்படிவாகத் தளத்தோடு ஒட்டிக் கிடக்கும். பழைய அழுக்கு என்று எண்ணி நாம் அதைக் கடந்து போகிறோம். உண்மையில் அது இறக்கவில்லை, உறங்குகிறது. முதல் மழையில் நீரை உறிஞ்சி உப்பி, மீண்டும் வழுக்கத் தொடங்கிவிடும். நேற்று வரை வழுக்காத இடம் ஒரே மழையில் வழுக்குவதன் காரணம் இதுவே.

புதிதாகப் போட்ட தளத்தில் ஏன் பாசி வருவதில்லை என்று சிலர் கேட்பதுண்டு. புதிய காங்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அதன் கார அளவு, பி.எச். கணக்கில், 12-க்கும் மேல் இருக்கும். அதில் எந்தப் பாசியும் உயிர்வாழ இயலாது. காற்றிலுள்ள கரியமில வாயுவும் மழைநீரும் நாளடைவில் மேற்பரப்பின் காரத்தைத் தணித்து 9-ஐ ஒட்டிக் கொண்டுவந்துவிடுகின்றன. அதன் பிறகு ஈரமும் நிழலும் கிடைத்தால் போதும், பாசி குடியேறிவிடும். சுவர்களுக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்த நம் முன்னோர் வழக்கத்தின் பயனும் இதில் அடங்கியிருக்கிறது. சுண்ணாம்பு அடித்ததும் சுவர் மீண்டும் காரமாகிவிடுகிறது. வெள்ளை நிறம் அதோடு வரும் அழகு.

இனி ஆசிட்டுக்கு வருவோம். சிமெண்டு சுண்ணாம்புக்கல்லிலிருந்து பிறந்த பொருள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் அது நுரைத்துப் பொங்கும். அழுக்கு கரைகிறது என்று பார்ப்பவர் மகிழ்வர். கரைவது தளமே. பாசியோடு சேர்த்து மேற்பூச்சும் போய்விடுவதால் பாதை வெண்மையாகத் தெரிகிறது. ஆனால் மணற்பருக்கைகள் வெளிப்பட்டு, அவற்றின் இடையே ஆயிரக்கணக்கான நுண்குழிகள் ஏற்படுகின்றன. ஒவ்வொரு குழியும் ஒரு துளி நீரைத் தேக்கும். ஒவ்வொன்றிலும் பாசிக்கு ஓர் இருப்பிடம் கிடைக்கும். அடுத்த மழையில் பாசி முன்னினும் கருமையாக வந்ததில் வியப்பில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்த பழக்கத்தால் சொல்கிறேன்: முதலைக் கரைத்து வட்டி கட்டுவது என்பது இதுதான்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. ஆசிட் ஊற்றிய தளத்தின்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுவது, அல்லது இரண்டையும் ஒரே வாளியில் கலப்பது. இவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915-ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் வீரர்களைக் கொல்ல ஏவப்பட்ட வாயு அதுவே. நாற்புறமும் மதில் சூழ்ந்த பிராகாரத்தில், குனிந்து தேய்க்கும் பணியாளரின் மூச்சில் அது நேரே சென்று சேரும். கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் இதே அமிலம் இருக்கிறது. ஆகவே அவற்றையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கலாகாது. வீட்டுப் பெண்மணிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சரியான முறை எளியது, செலவும் குறைவு. பொறுமைதான் சற்று அதிகமாக வேண்டும். மழையில்லாத ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோயிலாயின் அர்த்தஜாம பூசை முடிந்து நடை சாத்திய பின் தொடங்கலாம். வீடாயின் மாலை வெயில் தாழ்ந்த பின். நல்ல வெயிலில் செய்தால் கரைசல் விரைவில் உலர்ந்துவிடும்; வெயிலில் குளோரினின் வீரியமும் குன்றிவிடும். முதலில் காய்ந்த நிலையிலேயே கட்டைத் துடைப்பத்தாலும் தகட்டுச் சுரண்டியாலும் பாசியை இயன்றவரை வழித்து, அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது நல்லது. இரும்புக் கம்பித் தூரிகை வேண்டா. அதன் துகள்கள் தளத்தில் தங்கித் துருக்கறையாக மாறும்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் பூவாளியால் தளத்தில் ஊற்ற வேண்டும். ஏறத்தாழ நூறு சதுர அடிக்கு ஒரு வாளி போதுமானது. பதினைந்து முதல் இருபது நிமிடம் வரை தளம் உலராமல் ஈரமாகவே இருக்க வேண்டும். உலரத் தொடங்கினால் இன்னும் சிறிது கரைசல் தெளிக்கலாம். அந்த அவகாசமே பாசியைக் கொல்கிறது. ஊற்றியவுடன் தேய்த்துக் கழுவிவிட்டால் பாதிப் பாசி உயிரோடு தங்கிவிடும். நேரம் கழிந்ததும் கெட்டியான நைலான் தூரிகையால் தேய்த்து, இரண்டு மூன்று முறை நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். கருமை ஆழப் பதிந்த இடங்களில் ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை செய்ய நேரும்.

பிளீச்சிங் பவுடர் வாங்கும்போது ஒரு சொல். புதிய தூளில் எடையில் மூன்றிலொரு பங்களவு செயல்படும் குளோரின் இருக்கும். மூட்டை பிரிந்து ஈரக்காற்று பட்டால் நாளுக்கு நாள் அது குறைந்துகொண்டே போகும். கட்டி கட்டியாக, நெடி இல்லாமல் கிடக்கும் பழைய தூளை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. கோயில் உக்கிராணத்தில் சென்ற ஆண்டு வாங்கி வைத்த மூட்டையை நம்பாதீர்கள்.

கரைசலை ஊற்றுவதற்கு முன் அது வடிந்து எங்கே போகும் என்று பார்த்தாக வேண்டும். 2003-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது நினைவிருக்கும். மொட்டைமாடியின் நீரும் முற்றத்தின் நீரும் அந்தக் குழிக்கோ கிணற்றுக்கோ செல்லும்படி குழாய் வைத்திருப்போம். அதன் வாயை அன்றைக்கு மட்டும் துணியால் அடைத்துவிட்டு, நீரைத் தெருச் சாக்கடைக்குத் திருப்ப வேண்டும். கோயிலில் திருக்குளத்தின் பக்கம் நீர் ஓடுமானால் இன்னும் எச்சரிக்கை தேவை. மிகச் சிறிய அளவு குளோரினே மீன்களைக் கொன்றுவிடும். நந்தவனச் செடிகளுக்கும் துளசி மாடத்துக்கும் முன்னதாகவே நல்ல நீர் ஊற்றி மண்ணை நனைத்துவிட்டால், தப்பித் தெறித்த துளிகள் வேரில் இறங்கித் தீங்கு செய்யா. பட்டு வேட்டியும் சாயத் துணியும் அருகில் வர வேண்டா. பித்தளை விளக்குகளையும் எடுத்துவிடுங்கள்.

தேய்க்கும் பணியாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாசியின் மேல் நின்று பாசியைத் தேய்ப்பவர்தான் முதலில் வழுக்குவார். கோயிலுக்குள் காலணி கூடாது என்ற மரபினால் அவர் வெறுங்காலுடன் குளோரின் நீரில் நிற்கிறார். ஒரு மணி நேரத்தில் பாதத் தோல் எரியத் தொடங்கும். வெளிப்பிராகாரத்தில் இப்பணிக்கென்றே புதிதாக வாங்கி, வேறெங்கும் அணியாமல் கோயிலிலேயே வைத்திருக்கும் ரப்பர் பூட்ஸை அனுமதிப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. அர்ச்சகரும் நிர்வாகமும் கலந்து பேசி முடிவு செய்யலாம். கையுறையும் கண்ணாடியும் தருவதற்கு எவரையும் கேட்க வேண்டியதில்லை. உழவாரப்பணி மன்றங்களாக வாரந்தோறும் செல்லும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அப்பர் பெருமான் திருக்கரத்தில் உழவாரப்படை விளங்குவதே, கோயிற் பாதையில் கால் வைப்பவருக்கு இடர் தரும் புல்லையும் பூண்டையும் செதுக்குவதற்காகத்தான். அத்தொண்டைச் செய்பவர் காலும் கையும் புண்படாதிருக்க வேண்டும்.

வீட்டுத் தளத்தில் இல்லாத ஒரு சிக்கல் கோயில் தளத்தில் உண்டு. கோமுகியின் வழியாக வெளிவரும் அபிஷேக தீர்த்தத்தில் பாலும் தயிரும் தேனும் பஞ்சாமிர்தமும் கலந்திருக்கின்றன. நெய்விளக்கு ஏற்றும் இடங்களில் எண்ணெய் சிந்திப் படிகிறது. இவை பாசிக்கு உணவாவது ஒருபுறம் இருக்க, பிளீச்சிங் கரைசலின் வலிமையையும் இவையே விழுங்கிவிடுகின்றன. குளோரின் பாசியைத் தேடிச் செல்லும் பொருள் அன்று. எதிர்ப்படும் பாலோடும் நெய்யோடும் வினைபுரிந்து தீர்ந்துபோகும். ஆகையால் அத்தகைய இடங்களை முதலில் சலவை சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு நீங்கிய பின்னரே பிளீச்சிங் கரைசலை ஊற்ற வேண்டும். இதை விட்டுவிட்டு "எவ்வளவு போட்டாலும் கேட்கவில்லை" என்று சலித்துக்கொள்வோர் பலர்.

இங்கே சொன்ன முறை சிமெண்டுக் காங்கிரீட்டுக்கு மட்டுமே உரியது. பழைய கருங்கல் தளத்துக்கும், அதிட்டானத்துக்கும், கல்வெட்டுள்ள சுவர்களுக்கும் பிளீச்சிங் பவுடரும் கூடாது, சுரண்டியும் கூடாது, வேகமாக நீரைப் பீய்ச்சும் எந்திரமும் கூடாது. நல்ல நீரும் மெல்லிய தூரிகையும் போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் தொல்லியல் அறிந்தவர் வர வேண்டும். ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்தை ஒரு நாள் சுத்தத்துக்காக இழக்கலாகாது. நீர் பீய்ச்சும் எந்திரத்தைக் காங்கிரீட்டில் பயன்படுத்தலாம் எனினும், அதன் முனையைத் தளத்திலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் பிடித்து, விசிறிபோல் விரியும் நீரால் கழுவ வேண்டும். ஊசிமுனைபோல் நெருக்கிப் பிடித்தால் ஆசிட் செய்த வேலையையே அதுவும் செய்யும்.

வீட்டு மொட்டைமாடியில் பாசிக்குக் கல்லுப்பைக் கொட்டும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். உப்பிலுள்ள குளோரைடு காங்கிரீட்டின் விரிசல்கள் வழியே இறங்கி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி உப்பும். அதன்பின் கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். பிளீச்சிங் பவுடரிலும் குளோரைடு உண்டென்பதால், கம்பி கட்டிய கூரைத் தளத்தில் முடிந்தவரை தேய்ப்பினாலேயே வேலையை முடித்து, கரைசலைச் சிக்கனமாகப் பயன்படுத்தி, மிகுதியாக அலசிவிட வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் நீர் தேங்குவது நிற்காவிட்டால் அடுத்த ஐப்பசியில் பாசி திரும்ப வரும். பாசியை ஒரு பாஸ்புத்தகமாக எண்ணிப் பாருங்கள். எந்த இடத்தில் எவ்வளவு நீர் வரவாகி, செலவாகாமல் நிற்கிறது என்பதை அது தெளிவாக எழுதிக் காட்டுகிறது. பச்சை நீண்ட கோடாக இருந்தால் மேலே ஒரு குழாய் கசிகிறது. வட்டமாக இருந்தால் தளம் அங்கே பள்ளமாக இருக்கிறது. சுவரை ஒட்டி ஒரே இடத்தில் இருந்தால் ஏ.சி. எந்திரத்தின் சொட்டுநீரோ, மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் நீரோ காரணமாக இருக்கும். கோயில் வாசலில் கால் அலம்பும் குழாயடி எப்போதும் பச்சையாக இருப்பதும் இதனால்தான். அங்கே வடிகால் வைக்காமல் குழாயை மட்டும் வைத்திருப்பார்கள்.

ஒரு வாளி நீரைக் கொட்டி அரைமணி கழித்துச் சென்று பார்த்தால் நீர் நிற்கும் இடம் தெரிந்துவிடும். சுண்ணாம்புக் கட்டியால் அதைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு கொத்தனாரை அழையுங்கள். திறந்தவெளித் தளத்துக்குப் பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வாட்டம் இருக்க வேண்டும். மேலே கவிந்திருக்கும் வேம்பின் கிளைகளில் ஒன்றிரண்டைக் கழித்து, காலை வெயில் இரண்டு மணி நேரம் தளத்தில் விழும்படி செய்தாலே பாசி பாதியாகக் குறையும். மரத்தையே வெட்ட வேண்டியதில்லை.

கோடையில் அடியார்களின் பாதம் சுடாதிருக்கப் பிராகாரத்தில் வெண்ணிறப் பூச்சு அடிக்கிறோம். தென்னைநார் விரிப்பும் போடுகிறோம். நல்ல ஏற்பாடுதான். மழை தொடங்கியதும் அந்த விரிப்பைச் சுருட்டி உலர்த்தி உள்ளே வைக்க வேண்டும். நாள்கணக்கில் நனைந்து கிடக்கும் விரிப்பின் அடியில் பாசி செழித்து வளரும். ஒருநாள் அதை எடுத்துவிட்டு மறுநாள் காலை அடியார்களை அந்த வழியே விடுவார்கள். வழவழப்பான பூச்சு மழையில் பாசி இல்லாமலேயே வழுக்கும்.

மெருகேற்றிய கிரானைட் பலகைகளும் அவ்வாறே. உபயதாரர் பெயர் பொறித்துத் திறந்தவெளியில் அவற்றைப் பதிக்கும் வழக்கம் பெருகிவருகிறது. கொடுப்பவர் மனம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கல்லைச் சொரசொரப்பாகக் கொத்தித் தரச் சொல்லலாம். பெயரைச் சுவரில் பொறித்துக்கொள்ளலாம். தஞ்சை அன்பரின் ஊரில் கிடைக்கும் அடுத்த உபயத்தை அந்தக் கால் அலம்பும் குழாயடி வடிகாலுக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

பாதையையே புதிதாகப் போடுவதாக இருந்தால், கொத்தனாரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். சிமெண்டுப் பால் ஊற்றிக் கரணையால் கண்ணாடிபோல் மெழுகுவது வீட்டின் உள்ளறைக்கு உரியது. வெளிப்பாதையில் கலவை இறுகத் தொடங்கும் தறுவாயில், நீர் வடியும் திசையிலேயே துடைப்பத்தால் ஒருமுறை இழுத்துவிட வேண்டும். அந்த மெல்லிய வரிகளின் வழியே நீர் வடியும். காலுக்கும் பிடிப்புக் கிடைக்கும். கலவை இறுகிய பின் இதைச் செய்ய முடியாது. ஆகவே அந்த அரைமணி நேரம் பொறுப்புள்ள ஒருவர் அருகில் நிற்பது அவசியம்.